எலுமிச்சம் பழமும் புற்றுநோயும்

(பாலசமுத்திரத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதின் சாரம்)



கடவுளைப்பற்றியும், ஜாதியைப்பற்றியும், புராணங்களைப்பற்றியும் நாம் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருக்கும் தோழர்களுக்கு இன்று சிறிது ஏமாற்றமாய் இருக்கலாம். நாம் இன்று பேச வந்திருப்பது எலுமிச்சம் பழத்தைப்பற்றியாகும். தோழர்கள் சிரிக்கிறீர்கள். ஆனால், இந்த ஒரு பழத்தைக்கொண்டு நம் மக்கள் ஏமாற்றப்பட்டிருப்பதுபோல் வேறு எந்தப் பழத்தைக்கொண்டும் ஏமாற்றப்பட்டதில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

பழனிமலை அடிவாரத்திலே குடியிருக்கிற உங்களுக்கு இதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. வேலின் முனையிலே குத்துவது எலுமிச்சம் பழம். புதுக்கடையின் வாசலிலே மிளகாயோடு கோத்துத் தொங்கவிடுவது எலுமிச்சம் பழம். புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்குவதும் எலுமிச்சம் பழமே. படிக்காத பாமரன்தான் இப்படிச் செய்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி பிரான்சு தேசத்திலே, கோடிக்கணக்கான ரூபாய் விலையுள்ள ரபேல் போர் விமானத்தைப் பெற்றுக்கொண்ட நம் நாட்டின் பாதுகாப்பு மந்திரி அவர்கள், அந்த விமானத்தின் சக்கரத்தடியிலும் எலுமிச்சம் பழத்தைத்தான் வைத்தார். விமானத்தைச் செய்தவன் அறிவை நம்பினான். வாங்கியவர் பழத்தை நம்பினார்!

இது பழைய கதை. இப்போது இந்தப் பழத்திற்குப் புதிய வேஷம் ஒன்று போடப்பட்டிருக்கின்றது. முன்பு மந்திரத்தை உச்சரித்துக்கொண்டு வந்த எலுமிச்சம் பழம், இன்று விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வருகின்றது. “புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கீமோதெரபி மருந்தைவிட எலுமிச்சை 10,000 மடங்கு வலிமையுள்ளது, மருந்துக் கம்பெனிக்காரர்கள் இதை மறைத்துவிட்டார்கள், வெந்நீரில் பிழிந்து குடித்தால் போதும், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்” என்று செல்போனில் செய்தி வருகின்றது. அனுப்புகிறவர் யார்? உபாத்தியாயர் அனுப்புகிறார், வக்கீல் அனுப்புகிறார், நம் தோழர்களிலேயேகூடச் சிலர் அனுப்புகிறார்கள். “இதில் சாமி இல்லையே, பூசாரி இல்லையே, விஞ்ஞானம்தானே சொல்கிறது” என்பது அவர்கள் சொல்லும் சமாதானம்.

தோழர்களே! சாமி பெயரைச் சொன்னால் கேள்வி கேட்பதும், விஞ்ஞானத்தின் பெயரைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் பகுத்தறிவு ஆகாது. யார் சொன்னாலும், “உனக்கு எப்படித் தெரியும்? யாருக்குக் கொடுத்துப் பார்த்தாய்? எத்தனை பேர் பிழைத்தார்கள்?” என்று கேட்பதுதான் பகுத்தறிவாகும். ஆகவே, அந்தக் கேள்விகளையே எலுமிச்சையைப் பார்த்தும் கேட்போம்.

முதலில் புற்று என்பது என்ன? நம் உடம்பு கோடி கோடியான சிறு உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவும் தேவைப்பட்டபோது இரண்டாகப் பிரிந்து பெருகும். காலம் முடிந்ததும் தானாகவே மடியும். “பெருகு” என்பதற்கும், “நிறுத்து” என்பதற்கும், “மடி” என்பதற்கும் உயிரணுவின் உள்ளேயே ஏற்பாடு இருக்கின்றது. புகையிலை போன்ற விஷங்களாலோ, சில கிருமிகளாலோ, வயதின் காரணமாகவோ இந்த ஏற்பாடு கெட்டுப்போய், நிறுத்தச் சொன்னால் நிற்காமலும், மடியச் சொன்னால் மடியாமலும் பெருகிக்கொண்டே போகும் உயிரணுக் கூட்டத்திற்குத்தான் புற்றுநோய் என்று பெயர். இதில் பூர்வ ஜன்ம பாவம் எங்கே இருக்கின்றது? கிரக தோஷம் எங்கே இருக்கின்றது? தலையெழுத்து எங்கே இருக்கின்றது?

இனி, பழத்திற்கு வருவோம். எலுமிச்சை, நாரத்தை, பம்பளிமாசு, நம் மலைமேல் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கங்களில் விளையும் கமலா ஆரஞ்சு ஆகிய எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் தோலை ஒடித்து விளக்கின் எதிரே பிதுக்கினால் சுவாலை குப்பென்று பற்றுவதைச் சிறுவர்களும் பார்த்திருப்பார்கள். அந்தத் தோல் எண்ணெயில் பெரும்பாகம் லிமோனீன் என்னும் பொருள். தோலுக்கும் சுளைக்கும் நடுவேயுள்ள வெள்ளைப் பஞ்சில் ஹெஸ்பெரிடின் என்பது இருக்கின்றது. பம்பளிமாசின் கசப்புக்கு நாரிஞ்சின் என்பது காரணம். கமலாத் தோலில் நோபிலெடின் என்று மற்றொன்று இருக்கின்றது.

இவற்றுக்குப் புற்று உயிரணுக்கள்மேல் வேலையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இருக்கின்றது. ஆராய்ச்சிசாலையில் கண்ணாடித் தட்டிலே புற்று உயிரணுக்களை வளர்த்து, அவற்றின்மேல் இப்பொருள்களை விட்டுப் பார்த்ததில், சில பொருள்கள் அவ்வுயிரணுக்கள் பெருகுவதை நடுவழியில் நிறுத்துகின்றன; சில, மறந்துபோன “மடி” என்னும் உத்தரவை மீண்டும் நடக்கச் செய்கின்றன. அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் மைக்கேல் கூல்டு என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1980-க்குப் பிறகு எலிகளை வைத்துப் பரீட்சை செய்தார்கள். மார்பிலே புற்று உண்டான எலிகளுக்கு லிமோனீன் கலந்த தீனி கொடுத்தபோது, பெரும்பாலான கட்டிகள் சுருங்கியதை 1992-ல் வெளியிட்டார்கள். இதெல்லாம் உண்மையான ஆராய்ச்சி. செல்போன் செய்தி இந்த உண்மையிலே ஒரு துளியை எடுத்து, அதன்மேல் ஒரு குடம் பொய்யைக் கொட்டிக் கலக்கியிருக்கின்றது.

பொய் எங்கே இருக்கின்றது என்று பாருங்கள். கண்ணாடித் தட்டிலே புற்று உயிரணு சாவது பெரிய அதிசயமல்ல. சவுக்காரத் தண்ணீரை ஊற்றினாலும் சாகும்; உப்பை அள்ளிக் கொட்டினாலும் சாகும்; மண்ணெண்ணெயை விட்டாலும் சாகும். அதற்காக மண்ணெண்ணெயை மருந்தென்று குடிக்கலாமா? மனிதனுடைய உடம்பு கண்ணாடித் தட்டு அல்ல. வாயில் போட்டது வயிற்றில் சிதைந்து, குடலில் மாறி, கல்லீரலில் உருக்குலைந்து, மிச்சம் மீதிதான் இரத்தத்தில் சேருகின்றது. அது கட்டி இருக்கும் இடத்திற்குப் போக வேண்டும். போதிய அளவு போக வேண்டும். நல்ல உயிரணுவைக் கெடுக்காமல் கெட்டதை மட்டும் தாக்க வேண்டும். எலிக்குக் கொடுத்த அளவைக் கவனியுங்கள். அது தின்ற தீனியில் பத்தில் ஒரு பங்கு லிமோனீன்! அந்த வீதப்படி, நாள் ஒன்றுக்கு ஒரு கிலோ ஆகாரம் உண்ணும் மனிதன் 100 கிராம் தோல் எண்ணெய் குடிக்க வேண்டும். சாற்றில் இருக்கும் எண்ணெயோ மிகச் சொற்பம். ஒரு மூடிப் பழத்தை வெந்நீரில் பிழிந்து குடிப்பவனுக்கும் இந்தப் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்?

சரி, மனிதருக்கே கொடுத்துப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். இங்கிலாந்தில், வேறு சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத புற்றுநோயாளிகள் 32 பேருக்கு லிமோனீனை அளவு ஏற்றி ஏற்றிக் கொடுத்த பரீட்சையின் முடிவு 1998-ல் வெளிவந்தது. ஒரே ஒரு அம்மைக்கு மார்பகக் கட்டி ஓரளவு சுருங்கி, 11 மாதம் அந்த நிலையில் இருந்தது. வேறு மூவருக்கு நோய் சில காலம் வளராமல் நின்றது. “சரி, மார்பகப் புற்றுக்காரர் இன்னும் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்ப்போம்” என்று கொடுத்தார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. இதுதான் உள்ளது. “10,000 மடங்கு” எங்கே? “மறைத்துவிட்டார்கள்” என்பது எங்கே? எவரும் மறைக்கவில்லை, பரீட்சை செய்து, முடிவை உலகம் அறிய அச்சிட்டிருக்கிறார்கள்.

எலுமிச்சையின் மற்றொரு சரக்கு வைட்டமின் சி. லைனஸ் பாலிங் என்ற பேரறிஞர், இரண்டு தடவை நோபல் பரிசு பெற்றவர், 1976-ல் கேமரன் என்ற வைத்தியருடன் சேர்ந்து, வைட்டமின் சி-யை ஏராளமாகக் கொடுத்தால் புற்றுநோயாளிகள் அதிக காலம் வாழ்கிறார்கள் என்று எழுதினார். அவ்வளவு பெரியவர் சொன்னாரே என்று உலகம் கைகட்டி நின்றதா? இல்லை. அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலையார், நோயாளிகளை இரண்டு கூட்டமாகச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு கூட்டத்திற்கு வைட்டமினும் மறு கூட்டத்திற்கு அதேபோன்ற வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்து, வாயால் உண்ணும் வைட்டமினால் யாதொரு பலனும் இல்லை என்று 1979-லும் 1985-லும் வெளியிட்டார்கள். ஊசி வழியாக ஏற்றிப் பார்க்கும் ஆராய்ச்சி இன்னும் நடக்கின்றது. நடக்கட்டும், முடிவு தெரிந்தால் ஏற்போம். இரண்டு நோபல் பரிசு பெற்றவருக்கே இந்தக் கதி என்றால், பேர் ஊர் இல்லாத செல்போன் செய்திக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

“எலுமிச்சை உடம்பைக் காரமாக்கும், காரத்தில் புற்று வாழாது” என்றும் ஒரு கூட்டத்தார் சொல்லுகிறார்கள். நம் இரத்தத்தின் காரநிலை 7.35-க்கும் 7.45-க்கும் நடுவிலேயே எப்போதும் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் இராப்பகலாய்க் காவல் காக்கின்றன. ஒரு டம்ளர் பானகம் அதை மாற்றாது. மாற்றிவிட்டால் புற்று சாவதற்கு முன் மனிதன் செத்துப்போவான்.

அப்படியானால் எலுமிச்சை ஒன்றுக்கும் உதவாததா? அதுவும் பொய். 1747-ல் ஜேம்ஸ் லிண்டு என்னும் கப்பல் வைத்தியர், ஈறு அழுகிச் சாகும் ஸ்கர்வி என்ற நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று ஆறு விதமாகக் கொடுத்துப் பார்த்தார். எலுமிச்சை தின்ற இருவரில் ஒருவர் ஆறு நாளில் வேலைக்குத் தகுந்தபடி தேறினார், மற்றவரும் நன்றாய்த் தேறினார். வேலில் குத்தியதால் அல்ல, தின்றதால் பிழைத்தார்கள். இவ்வளவு தெளிவாய்த் தெரிந்தும், இங்கிலீஷ் கப்பற்படையார் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட 1795 வரை தாமதித்தார்கள். உண்மை தெரிந்த பின்பும் தாமதிப்பவன் கையில் எத்தனை உயிர் போகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

செடியிலிருந்து புற்றுக்கு மருந்தே வராது என்றும் நாம் சொல்லவில்லை. சுடுகாட்டு மல்லி என்று நம்மவர் ஒதுக்கும் நித்தியகல்யாணிச் செடியைப் பாருங்கள். நீரிழிவுக்கு அதன் இலை நல்லது என்ற பேச்சைக் கேட்டுக் கனடா தேசத்தில் நோபிள், பீர் என்ற இருவர் பரீட்சித்தார்கள். நீரிழிவுக்கு உதவவில்லை, ஆனால், இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டார்கள். “அப்படியானால் வெள்ளை அணு பெருகிச் சாகடிக்கும் இரத்தப் புற்றுக்கு இது உதவுமா?” என்று கேள்வி பிறந்தது. 1958-ல் வின்பிளாஸ்டின் வெளிவந்தது. அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினும் கிடைத்தது. இன்று இரத்தப் புற்று கண்ட குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. இதைக் கேட்டுவிட்டு இலையைக் கஷாயம் வைத்துக் குடித்துவிடாதீர்கள். அளவு தப்பினால் அது கொடிய விஷம். பொருளைப் பிரித்து, அளவை நிர்ணயித்து, மனிதரிடம் சோதித்த பிறகுதான் செடி மருந்தாகிறது. நித்தியகல்யாணி அந்தப் பரீட்சையில் தேறியது. எலுமிச்சை இதுவரை தேறவில்லை. நாளைக்குத் தேறினால் நாமே இதே மேடையில் வந்து சொல்வோம்.

“குடித்தால் நஷ்டம் என்ன? பழம்தானே!” என்று கேட்பீர்கள். தாராளமாகக் குடியுங்கள், வெயிலுக்கு நல்லது. நஷ்டம் பழத்தில் இல்லை, நாளில் இருக்கின்றது. மார்பிலே நெல்லிக்காய் அளவு கட்டி தெரிகின்றது. வெட்கத்தால் ஒரு மாதம் சொல்லுவதில்லை. சொன்ன பிறகு மந்திரிப்பதில் ஒரு மாதம். பிறகு எலுமிச்சை வைத்தியத்தில் ஆறு மாதம். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, “முன்பே வந்திருந்தால்...” என்று டாக்டர் கையைப் பிசைகிறார். உடனே, “பார்த்தாயா, ஆஸ்பத்திரிக்குப் போனாள், செத்தாள்” என்று ஊர் பேசுகின்றது! மேலும், பம்பளிமாசின் உறவான கிரேப் புரூட் என்னும் பழம், குடல் மருந்தைச் சிதைக்கும் வேலையைத் தடுத்து, சில மருந்துகளை இரத்தத்தில் அளவுக்கு மீறித் தேங்கச் செய்கின்றது என்பதைக் கனடாவின் டேவிட் பெய்லி என்பவர் 1991-ல் வெளியிட்டார். பம்பளிமாசிலும் அந்த வகைப் பொருள் உண்டு. ஆகவே புற்றுநோய்க்கு மருந்து உண்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இவற்றைத் தின்பதும் ஆபத்து.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். புளிப்பினால் புற்றுக்கு எதிராக நடந்த ஒரு பெரிய காரியம் வெளிநாட்டில் அல்ல, நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நடந்திருக்கின்றது. அது எலுமிச்சைப் புளிப்பு அல்ல. லிண்டிடம் தோற்றுப்போன அந்தக் காடிப் புளிப்பு!

பெண்களின் கருப்பை வாயில் வரும் புற்று, பெரும்பாலும் ஒரு கிருமியால் வருவது. ஹரால்டு சூர் ஹவுசன் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டறிந்து 2008-ல் நோபல் பரிசு பெற்றார். கிருமி தொற்றியதிலிருந்து புற்று உண்டாகப் பல வருஷங்கள் ஆகின்றன. அதற்குள் கண்டுபிடித்தால் வேரோடு நீக்கலாம். கண்டுபிடிப்பது எப்படி? வினிகருக்குப் புளிப்பைத் தரும் அமிலத்தை, நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வீதம் தண்ணீரில் கலந்து, பஞ்சால் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், கெடத் தொடங்கியிருக்கும் இடம் வெளுத்துத் தெரிகின்றது. அது நோயைக் குணமாக்குவதில்லை; நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக் கொடுக்கின்றது. பழகிய நர்ஸ் ஒருத்தியும், நல்ல வெளிச்சமும் போதும். இதைக் கேட்டு வீட்டில் எவரும் எதையும் தடவிக்கொள்ள வேண்டாம். பார்க்கத் தெரிந்த கண் வேண்டும்.

ஒட்டன்சத்திரத்திற்கு அடுத்த அம்பிளிக்கையில் உள்ள சமூக சுகாதார மையத்தாரும், பிரான்சிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தாரும் சேர்ந்து, இம்மாவட்டத்தில் 114 பகுதிகளைச் சீட்டுப்போட்டுப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை 2000 முதல் 2003 வரை இவ்விதம் சோதித்தார்கள். வரவேண்டியவர் 49,311 பேர். வந்தவர் 31,343 பேர். 3,088 பேருக்கு வெளுப்புக் கண்டது. மேற்கொண்டு சோதித்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். 2006 வரை கணக்குப் பார்த்ததில், சோதனை நடந்த பகுதிகளில் இப்புற்று நூற்றுக்கு 25 வீதமும், இதனால் சாவு நூற்றுக்கு 35 வீதமும் மற்றப் பகுதிகளைவிடக் குறைந்திருந்தது. 2007-ல் லான்செட் என்ற உலகப் புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் இது வெளிவந்தது. நம் பக்கத்துக் கூலிக்காரத் தாய்மார்கள் உலகத்திற்குக் காட்டிய அத்தாட்சி இது!

தோழர்களே! வராத அந்த 17,968 பேரைப்பற்றி நாம் நினைக்க வேண்டாமா? மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! நம் வீடுகளில் நடப்பதைக் கொண்டு யோசியுங்கள். “நன்றாய் இருக்கிற உடம்பை ஏன் காட்ட வேண்டும்?” என்கிறாள் மாமியார். “வேலைக்கு யார் போவது?” என்கிறான் புருஷன். “அந்த இடத்து வியாதியை வெளியே சொல்லலாமா?” என்று அவளே அஞ்சுகிறாள். தன் உடம்பைப்பற்றித் தானே முடிவு செய்ய ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லாத வீட்டில், எந்த மருந்து வந்து என்ன பயன்? பெண் அடிமை என்பது வெறும் மேடைப் பேச்சு அல்ல. அது பிணக்கணக்கில் வந்து நிற்கின்றது.

இதை உணர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தேவதாசி வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையிலே போராடிய அந்த அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். யாத்திரை போகவில்லை; பரிகாரம் செய்யவில்லை. இந்நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று பாடுபட்டு, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்தார். துக்கத்தைக் கோயில் உண்டியலில் கொட்டாமல் ஆஸ்பத்திரியாகக் கட்டினார்.

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது சிலவே. 30 வயது கடந்த பெண்கள் அரசாங்க ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கருப்பை வாயையும் மார்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும், காசு கேட்பதில்லை. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு அக்கிருமியைத் தடுக்கும் ஊசி இருக்கின்றது, நம் நாட்டிலேயும் அது தயாராகின்றது, போடச் செய்யுங்கள். ஆண்கள் பீடியையும் புகையிலையையும் விட வேண்டும். எலுமிச்சை பிழிந்து குடித்துவிட்டுப் பீடி பற்றவைப்பவனை எந்தப் பழமும் காப்பாற்றாது. ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு ஆகியவற்றைக் கண்டால், மறுநாளே புறப்படுங்கள். பழனிக்கு எத்தனையோ பேர் காவடி தூக்கி நடந்து வருகிறார்கள். நாம் நம் வீட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடப்போம்.

இதெல்லாம் நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நம்ப வேண்டாம். நம்மையும் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எப்படித் தெரியும்? யாரிடம் பரீட்சித்தார்கள்? எத்தனை பேர் பிழைத்தார்கள்? பதில் உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால், நாளைக் காலையிலேயே செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தச் செல்போன் செய்தியை அழித்துவிட்டு, உங்கள் மனைவியிடமும், தாயிடமும், அக்காள் தங்கையிடமும், “உடம்பில் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷமாய் அவர்களிடம் எவரும் கேட்டதில்லை என்று தெரிந்தால், நாம் இங்கே இவ்வளவு நேரம் ஏன் பேசினோம் என்பது உங்களுக்கு விளங்கும்.